கிரேடு செய்யாத நாணயம் என்று விற்கப்பட்ட போலி டிரேட் டாலர்: பணம் திருப்பித் தர மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்
உங்கள் தளத்தின் பதிவு பெற்ற வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஏல எண் இணைப்பில்)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
இணைய ஏல நிறுவனம்

பொருள்: போலி நாணயம் தொடர்பாக மூடப்பட்ட புகாரை மறுபடியும் திறந்து விசாரிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் நடந்த ஏலத்தில் அமெரிக்க டிரேட் டாலர் ஒன்றை வாங்கினேன். 1874ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் அடித்தது, வெள்ளி, கிரேடு செய்யாதது (அதாவது, எந்த நிறுவனமும் பரிசோதித்துத் தரம் போட்டு டப்பாவில் அடைக்காதது) என்று விற்பவர் போட்டிருந்தார். வந்து சேர்ந்தது போலி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது என்பதால் காரணங்களை விரிவாக எழுதுகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு 'போதிய ஆதாரம் இல்லை' என்று ஒரே வரியில் என் புகாரை மூடிவிட்டது. நான் அனுப்பிய படங்களை யாராவது திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை.

முதலில் எடை. டிரேட் டாலரின் பின்பக்கத்தில், கழுகுக்குக் கீழே, '420 கிரெய்ன்ஸ், 900 ஃபைன்' என்று பொறித்திருக்கும். சீனாவோடு நடந்த வணிகத்துக்காக 1873இல் அடிக்கத் தொடங்கிய காசு இது. அங்கே ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்த மெக்சிகோ வெள்ளிக் காசோடு போட்டி போட வேண்டியிருந்தது. அதனால் தன் எடையையும் வெள்ளியின் தரத்தையும் தன் மேலேயே எழுதி வைத்துக்கொண்டது. 420 கிரெய்ன் என்றால் 27.2 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. எனக்கு வந்த காசின் எடை 22.4 கிராம். கை மாறி மாறித் தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையும், சரி. ஆனால் எழுத்தெல்லாம் முழுசாக, தேய்மானமே இல்லாமல் இருக்கும் காசில் கிட்டத்தட்ட ஐந்து கிராம் எங்கே போயிருக்கும்?

அப்புறம் அடர்த்தி. காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் கணக்கிட்டால் 8.5 வருகிறது. இந்த வெள்ளிக் கலவைக்கு 10.3 அளவில் வர வேண்டும். எனக்கு வந்த கணக்கு பித்தளை போன்ற உலோகத்துக்கு உரியது. தராசின் திரை தெரியும்படி எடுத்த படங்களை முன்பே அனுப்பினேன், இப்போதும் இணைத்திருக்கிறேன். காந்தம் ஒட்டவில்லை என்று நானே முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். உங்கள் ஊழியர் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'அப்படியானால் வெள்ளியாக இருக்கலாம்' என்று பதில் எழுதினார். செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் போலி என்று அடித்துச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நாணயப் புகார்களைப் பார்ப்பவருக்கு இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

எடையை விடுங்கள், வெறும் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. தொடக்க காலத்து டிரேட் டாலர்களில் கழுகின் கால் நகத்துக்குக் கீழே ஒரு சிறு பழம் தெரியும். பழம் இல்லாத பின்பக்க அச்சு 1875இல்தான் வந்தது. 1875, 1876 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இரண்டு வகையும் கிடைக்கும். 1874 காசில் பழம் இருந்தே ஆக வேண்டும். என் கையில் இருப்பதில் இல்லை. ஏலத்தில் விற்பவர் போட்டிருந்த படத்தில் இருக்கிறது! அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிட் கேட்டேன். ஆக, படத்தில் இருந்தது வேறு காசு, எனக்கு வந்தது வேறு காசு. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, அந்த இடத்தில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை. இது போலியா இல்லையா என்ற வாதத்துக்கே போகாமல், படத்தில் காட்டிய பொருள் வரவில்லை என்ற ஒரே காரணத்தில் நீங்கள் பணத்தைத் திருப்பித் தந்திருக்கலாம்.

விளிம்பையும் சொல்லிவிடுகிறேன். காசின் ஓரத்து வரிக்கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய ஒட்டு சுற்றி வருகிறது. பரப்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடிப் பொடியாகக் குழிகள். அச்சில் அடித்த காசில் இவை வராது. உலோகத்தை உருக்கி வார்ப்பில் ஊற்றிச் செய்த காசில் வரும்.

இவ்வளவுக்கும் உங்கள் பதில், 'அங்கீகரிக்கப்பட்ட கிரேடிங் நிறுவனத்தின் சான்று தேவை' என்பது. விற்பவரிடம் நீங்கள் எந்தச் சான்றும் கேட்கவில்லை. கிரேடு செய்யாதது என்று ஒரு பெட்டியில் டிக் செய்ததும் அவர் ஏலம் நடத்த அனுமதித்தீர்கள். எடை என்ன, விட்டம் என்ன என்று ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் ஏமாந்து வந்து நிற்பவரிடம் மட்டும் சான்று கேட்கிறீர்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களுக்கு ஒரு காசை அனுப்பினால் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் நம் செலவு. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். காசு போலி என்றால் தரம் எண் போட்டு டப்பாவில் அடைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் நீங்கள் கொடுக்கும் புகார் அவகாசம் முடிந்துபோயிருக்கும். சான்று இல்லாமல் வந்தால் ஆதாரம் இல்லை, சான்றோடு வந்தால் காலம் கடந்துவிட்டது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்து வைத்தால், கிரேடு செய்யாத காசு வாங்கும் எவருக்கும் உங்கள் 'வாங்குபவர் பாதுகாப்பு' உத்தரவாதம் ஒருநாளும் கிடைக்காது.

'இனிமேல் கிரேடு செய்த நாணயங்களை மட்டும் வாங்குங்கள்' என்று இன்னொரு ஊழியர் அறிவுரை எழுதியிருந்தார். உண்மையாகவே மனம் நொந்தது. உலகத்தில் உள்ள பழங்காசுகளில் மிகப் பெரும்பாலானவை எந்த டப்பாவுக்குள்ளும் போகாதவை. சாதாரணக் காசுக்கு அதன் மதிப்பைவிடக் கிரேடிங் கட்டணம்தான் அதிகம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் வேறு எதை வாங்குவார்? காசைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, அதன் மேல் சீன வணிகர்கள் குத்திய சிறு முத்திரைகளைத் தேடிப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷத்துக்காகத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்கே வருகிறார்கள். அதோடு, கிரேடிங் டப்பாக்களிலும் போலி உண்டு. டப்பாவை வாங்கச் சொல்வதால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது.

இதைவிடக் கவலையான விஷயம், இதே விற்பவர் இன்றும் உங்கள் தளத்தில் ஏலம் நடத்திக்கொண்டிருப்பது. அவர் பட்டியலில் 1880ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ முத்திரையோடு ஒரு டிரேட் டாலர் இருக்கிறது. 1878க்குப் பிறகு அந்த ஊரில் டிரேட் டாலர் அடிக்கவே இல்லை. அதற்குப் பிந்தையவை எல்லாம் பிலடெல்பியாவில் சேகரிப்பாளர்களுக்காக அடித்த புரூஃப் காசுகள். 1885 என்று இன்னொன்றும் போட்டிருக்கிறார். அந்த ஆண்டுக் காசு உலகத்தில் மொத்தம் ஐந்துதான் அறியப்பட்டிருக்கிறது. அது ஒவ்வொன்றும் எங்கே, எப்போது விற்றது என்பது சேகரிப்பாளர் உலகத்துக்கே செய்தி. விவரம் எதுவும் இல்லாமல், 'தாத்தா பெட்டியில் கிடைத்தது, எனக்கு நாணயம் பற்றித் தெரியாது, ரிட்டர்ன் கிடையாது' என்ற குறிப்போடு அது ஏலத்துக்கு வருமா? எந்த ஆண்டு எந்த அக்கசாலையில் அடித்தார்கள் என்ற அட்டவணை எல்லா நாணயப் பட்டியல்களிலும் இருக்கிறது. அதை உங்கள் கணினியில் ஏற்றி வைத்தாலே இப்படிப்பட்டவை ஏலத்துக்கு வரும் முன்பே நின்றுவிடும். இவரைப் பற்றி மற்றவர்களை எச்சரித்து நான் எழுதிய மதிப்புரையையும் 'விதிமீறல்' என்று நீக்கிவிட்டீர்கள். அதில் ஒரு வசைச்சொல் கிடையாது. எடையும் படமும் மட்டும்தான் இருந்தன.

இந்தக் காசு பிறந்த நாட்டில் 1973இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நகல் நாணயம் செய்தால் அதன் மேல் 'காப்பி' என்று பதித்திருக்க வேண்டும். 2014இல் அதைத் திருத்தி, அப்படிப் பதிக்காத நகல்களை விற்பவர்களையும், தெரிந்தே அவர்களுக்குப் பெரிய அளவில் துணைபோகிறவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நான் உங்கள் மேல் வழக்குப் போடுவதாக மிரட்டவில்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு, இந்த விற்பவரைப் பற்றித் தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது.

நான் கேட்பது இதுதான். ஏலத் தொகையையும் தபால் செலவையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். நீக்கிய மதிப்புரையை மறுபடியும் போடுங்கள். மேலே சொன்ன இரண்டு ஏலங்களும் முடிவதற்குள் நிறுத்துங்கள், இப்போதும் யாரோ அவற்றுக்கு பிட் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரேடு செய்யாத வெள்ளி, தங்க நாணயங்களுக்கு இனி விற்பவர் தராசில் வைத்து எடுத்த படம், இரு பக்கப் படம், விளிம்பின் படம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். ஒரு தராசும் கைபேசியும் இருந்தால் சில நிமிட வேலை அது. நேர்மையான விற்பனையாளர்கள் பலர் யாரும் கேட்காமலே இதைச் செய்கிறார்கள். வாங்கியவர் உரிய நேரத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காசைப் பரிசோதனைக்கு அனுப்பினால், முடிவு வரும்வரை உங்கள் அவகாசக் கணக்கு நின்றிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் செய்ய மாட்டேன். ரீஃபண்ட் வேண்டுமானால் காசை விற்பவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது உங்கள் விதி. அனுப்பினால் அடுத்த வாரமே இது இன்னொருவர் வீட்டுக்குப் போகும். ஒருவேளை சேமித்த பணத்தில் முதன்முதலாக வெள்ளிக் காசு வாங்கும் ஒரு பையனுக்குப் போகலாம். அதற்கு நான் உடந்தையாக முடியாது. காசு, அது வந்த உறை, தபால் ரசீது மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தின் எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். இல்லையென்றால் இதன் மேல் 'காப்பி' என்று பொறிக்க எனக்கு அனுமதி கொடுங்கள். அதன் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஏலப் பக்கத்தின் நகல், தராசில் வைத்து எடுத்த படங்கள், பின்பக்க ஒப்பீட்டுப் படம், விளிம்பின் படம், உங்கள் ஊழியர்களின் பதில்கள், நீக்கப்பட்ட மதிப்புரையின் நகல்