மச்சானின் பிக்கப் புராணம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கையெல்லாம் இன்சுலேஷன் டேப் பசை, பேனாவைத் தொட்டால் அதுவும் கூடவே வருகிறது.

அப்பாவின் மகிந்திரா பிக்கப் நினைவிருக்கிறதா? ஐ.டி.ஐ. படிக்கும்போது தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து பழனிக்குப் போனோமே, அதேதான். அதன் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசலைப் போட்டாயிற்று. 4 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் (போர்) 90 மில்லிமீட்டர். பேரிலேயே ஜாதகத்தை எழுதி வைத்திருக்கிறான் பிரெஞ்சுக்காரன். ஆர்.சி.யில் மாற்றி எழுதும் வேலையும் முடிந்தது. அந்தக் கதையை நேரில் சொல்கிறேன், தாளில் அடங்காது.

செயின் பிளாக் போட்டு என்ஜின் உட்கார்ந்தது இரண்டே நாளில். வயரிங்தான் உயிரை எடுத்துவிட்டது. பழைய வயரிங்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஹாரன் வயரிலிருந்து டேப்ரிக்கார்டர், அதிலிருந்து கேபின் லைட், அதிலிருந்து எங்கேயோ போய் மொட்டையாக நிற்கும் ஒரு வயர். துணி சுற்றிய வயரை வளைத்தால் உதிர்ந்து கையில் கொட்டுகிறது. "ஒட்டுப் போட்டு ஓட்டிக்கலாங்க" என்றார் எலக்ட்ரீஷியன். நான் கேட்கவில்லை, எல்லாவற்றையும் உருவிப் போட்டேன்.

பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுத்த காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எதற்கும் இனி வேலையில்லை. அதற்குப் பதில், டீசலை ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக். ஒவ்வொன்றும் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், நாலும் சேர்ந்து 40. அதைச் சாவி வழியாக விட்டால் சுவிட்ச் கருகிவிடும். பேட்டரி பக்கத்தில் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துத் தடித்த வயர் கொடுத்தேன். சாவியிலிருந்து போவது ரிலேயைத் தட்டி எழுப்பும் சின்ன கரண்ட்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் மாட்டி முடித்து, வீட்டில் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் 'டக்' என்றது, அவ்வளவுதான். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, முழுச் சார்ஜ். மறுபடி திருப்பினேன். ஏதோ தீய்ந்த வாடை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் புதிதாகப் போட்ட ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை. மேலுறை உருகி வழிகிறது. தொட்டுப் பார்த்த விரலில் இன்னும் கொப்புளம் இருக்கிறது.

யோசித்துப் பார். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். பேட்டரி நெகட்டிவ் போவது சேஸிஸுக்கு. இரண்டையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை பழைய என்ஜினோடு கழன்று சாக்கு மூட்டைக்குள் போய்விட்டது. செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வழியில்லாமல் அந்தக் கேபிள் கம்பியில் புகுந்திருக்கிறது. பட்டையைத் தேடி எடுத்து, சேஸிஸில் பெயிண்டை எமரித்தாளால் பளபளவென்று சுரண்டிவிட்டு முடுக்கினேன். இருபது எண்ணும் வரை ஹீட்டரைப் போட்டு வைத்துத் திருப்பினேன், அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. செல்ஃப் சுற்றும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன் எலக்ட்ரீஷியனை. 0.2 வோல்ட்தான், கரண்ட் திரும்பி வர வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் ஒரு கேபிள் மிச்சம்.

அப்புறம் இன்னொரு கூத்து. பேட்டரியைச் சார்ஜ் செய்த பழைய டைனமோவும் அதன் கட் அவுட்டும் போய் ஆல்டர்னேட்டர் வந்ததா, அழகுக்கு ஆசைப்பட்டு சார்ஜ் லைட்டுக்கு எல்.இ.டி. போட்டேன். இரண்டு நாளில் பேட்டரி படுத்துவிட்டது. அந்த பல்ப் வழியாகப் போகிற கொஞ்சம் கரண்டில்தான் ஆல்டர்னேட்டர் கண் விழிக்கிறது. எல்.இ.டி. அந்த அளவுக்கு விடுவதில்லை. பழைய 3 வாட் பல்பையே திரும்ப மாட்டினேன், இப்போது 14 வோல்ட் ஏறுகிறது.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்றா?

ஒரு உதவி. டெம்பரேச்சர் முள் எப்போதும் சிவப்பிலேயே நிற்கிறது, தண்ணீர் என்னவோ சூடாகவில்லை. புது என்ஜினின் சென்டர் (தண்ணீர்ச் சூட்டை மீட்டருக்கு அனுப்பும் sender) வேறு, பழைய மீட்டர் வேறு. பழைய சென்டரின் மரை புது என்ஜின் ஹெட்டில் ஏறவும் மாட்டேன் என்கிறது. சென்னையில் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைப் பக்கம் போனால் மீட்டரையும் சென்டரையும் ஜோடியாக வாங்கி பார்சல் போடு. கல்யாணத்துக்கு இதில்தான் வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஜோடி வந்து சேராவிட்டால் பஸ்தான்.

இப்படிக்கு,
மச்சான்