எந்தப் படியில் நிற்கிறது?

சிவமயம்

பினாங்கு,
ஐப்பசி 9

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நலம். ஆத்தாவும் அப்பத்தாவும் அங்கு நலமென நம்புகிறேன்.

நம் வீட்டு முன்கட்டுப் பட்டாலையில் இருக்கும் கம்ப்யூட்டர் பற்றி நீ நேற்றுச் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கடைக்காரர் போனிலேயே "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க, பழைய டிஸ்கை ஃபார்மட் அடிச்சு மாட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டுக்கும் சரியென்று சொல்லிவிடாதே. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக் கணக்கும், குடும்பத்துக்கு இவ்வளவென்று வாங்கும் புள்ளி வரிக் கணக்கும் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன, ஃபார்மட் அடித்தால் அழிந்துவிடும். பெட்டியைத் திறக்காமல், எல்லா உறுப்பும் மாட்டியிருக்கும் அந்தப் போர்டு போனதா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

கம்ப்யூட்டர் எழும்புவதில் நான்கு படி உண்டு. முதலில் மின்சாரம் ஒழுங்காக வர வேண்டும். அடுத்து, போர்டு தன் உறுப்புகளைத் தானே சோதித்துவிட்டுத் திரையில் படம் காட்ட வேண்டும். மூன்றாவது, டிஸ்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விண்டோஸ். நிற்கிற படியை விட்டுவிட்டு அடுத்த படியில் கை வைப்பது வீண்வேலை. திரையே வராத கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் மாற்றிப் போடுவது, அடுப்பே பற்றாதபோது அரிசியை மாற்றுவது போலத்தான்.

உன்னுடையது இரண்டாம் படியில் நிற்கிறது. ஆனாலும் முதல் படியை ஒரு தடவை பார்த்துவிடு, விசிறி சுற்றுவதை வைத்து மின்சாரம் சரி என்று முடிவு கட்ட முடியாது. யூ.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார். அந்த யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று வருஷம் உழைத்தாலே பெரிய விஷயம்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றாயே, அது தனிச் சங்கதி. சுவர் மின்சாரத்தை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் தகட்டுக்கு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் தகடு 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் இழுக்குமே தவிர ஆளைத் தூக்காது. பட்டாலையின் பழைய வயரிங்கில் பாதி பிளக்குகளுக்கு எர்த் கம்பியே கிடையாது. வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். அது சரியாகும்வரை எர்த் உள்ள அடுப்படிப் பக்கத்துப் பிளக்கில் வைத்துப் பார்.

இனி திறப்பது. பிளக்கைப் பிடுங்கு, பிறகு பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மர மேசையில் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்று. உள்ளே கை விடும் முன்பும் நடுநடுவிலும் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள். தூசியைச் சுத்தமான, உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டு. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். அதன்மேல் ஊதிச் சுழல விடாதே.

விசிறி சுற்றியும் திரை வராததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, போர்டில் செங்குத்தாகச் செருகியிருக்கும் நினைவகப் பட்டையான ராம்தான். மழைக்காலத்து ஈரமும் வளவின் திறந்த முற்றத்திலிருந்து வரும் தூசியும் சேர்ந்து அதன் தங்க முனைகளில் ஒரு படலம் கட்டிவிடும். இரு ஓரக் கொக்கிகளையும் விலக்கி ராமை நேராக மேலே எடு. முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு தடவை துடை. காய்ந்த பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் போடு. நான்கு பள்ளம் உள்ள போர்டென்றால் போர்டின் நடுவில் விசிறிக்கு அடியில் இருக்கும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது பள்ளத்தில் போட வேண்டும். ராமின் வெட்டும் பள்ளத்தின் மேடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இரு முனையிலும் சம பலத்தோடு அழுத்து. கொக்கி டக்கென்று தானாக ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ராம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பத்தில் எட்டு பேர் இங்கேதான் அரைகுறையாக அழுத்திவிட்டு, போர்டு போச்சு என்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு ராமில் வரவில்லையா, அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுப் பார்.

அடுத்தது பவர் வயர்கள். போர்டுக்கு இரண்டு இடத்தில் பவர் போகும். பெரிய 24 முனைக் கனெக்டர் ஒன்று. பிராசஸர் அருகே 4 அல்லது 8 முனைச் சின்னது இன்னொன்று. சின்னது தளர்ந்திருந்தால் நீ சொல்கிற அதே அறிகுறிதான்: விசிறி சுற்றும், திரை வராது. இரண்டையும் எடுத்து அழுத்திச் செருகு.

மானிட்டர் கேபிளையும் பார்த்துவிடு. திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. கார்டைக் கழற்றிவிட்டு போர்டில் மாட்டிச் சோதிக்கலாம். ஆனால் மாடல் எண் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அந்தச் சோதனை அதற்குப் பயன்படாது.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் பட்டன் மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி. புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்டும். 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடு, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக் பிடுங்கிய நிலையில் அதை 5 நிமிஷம் வெளியே எடுத்து வைத்தால் பெரும்பாலான போர்டுகளில் பழைய அமைப்பு அழிந்து, போர்டு தன் இயல்புக்குத் திரும்பும். திரும்ப ஆன் செய்த முதல் தடவை திரை வர ஒன்றிரண்டு நிமிஷம் ஆகலாம். அவசரப்பட்டு அணைத்துவிடாதே.

இதற்கும் மேல் என்றால் டிஸ்க், டி.வி.டி., பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்று. பிராசஸர், அதன் விசிறி, ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் இருக்கட்டும், 'எஃப்' பிராசஸரென்றால் கிராஃபிக்ஸ் கார்டும். திரை வந்தால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வா. எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எஸ்.எம்.பி.எஸ்.மேல் சந்தேகம் வந்தால், சும்மா தொங்கும் நான்கு ஓட்டைக் கனெக்டரில் கம்ப்யூட்டர் ஓடும்போது வயர்மேனை அளக்கச் சொல். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். இதைத் தாண்டினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்று. அதன் பெட்டியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

ஆன் ஆகி, சில வினாடியில் தானே அணைகிறது என்றால் கதை வேறு. பிராசஸர் மேல் சூட்டை இழுக்க வைத்திருக்கும் அலுமினியக் கட்டியின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருக்கும். கால் சரியாக இருந்தால் நடுவிலுள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். கூட வைத்தால் கூடக் குளிரும் என்று நினைத்து அப்பாதே.

திரை வந்து, டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் பயப்படாதே. மூன்றாம் படிக்கு வந்துவிட்டாய். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி, போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போ. டிஸ்கின் பெயர் அங்கே தெரியவில்லையென்றால் டிஸ்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்று. பெயர் தெரிந்தும் விண்டோஸ் எழும்பவில்லையென்றால், பேட்டரி கழற்றியதில் எந்த முறையில் எழும்ப வேண்டும் என்று சொல்லும் லெகஸி, யூ.இ.எஃப்.ஐ. அமைப்பு மாறியிருக்கும், அதைப் பழையபடி வை. டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடு. ரிப்பேர் எதையும் ஓட்டாமல், யு.எஸ்.பி. கனெக்டர் போட்டு வேறு கம்ப்யூட்டரில் கணக்குக் கோப்புகளை முதலில் பிரதி எடு.

ஐப்பசி இடி ஆரம்பித்துவிட்டது. இடி நெருங்கும் முன்பே பவர் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். அதன் வழியாகத்தான் நிறைய போர்டுகள் போகின்றன.

மூடும் முன் பெட்டியின் பின்பக்கம் பார். கார்டு இல்லாத ஓட்டைக்குத் தகடு இல்லையென்றால் ஒரு தகடு போட்டு மூடு, வளவுப் பல்லிக்கு அதைவிடக் கதகதப்பான இடம் கிடையாது. போர்டின் ஓரத்தில் சி.பி.யூ., டி.ராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதிய பொடி விளக்குகள் இருந்தால் எது அணையாமல் எரிகிறது என்று எழுது. போர்டில் அச்சடித்த மாடல் எண்ணையும் படமெடுத்து அனுப்பு. அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதே.

அப்பச்சி