பழைய வண்டிகளுக்கு இ-10 பெட்ரோலும் வேண்டும்

பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றி முடிவெடுக்கும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூரில் 22 வருஷமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இப்போது பங்க்கில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் எரிசாராயம்) கலந்த இ-20 பெட்ரோல்தான் கிடைக்கிறது. அந்தக் கலப்புக்கென்று தயாரிக்காத, 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளுக்கு 10 சதவீதம் மட்டும் கலந்த இ-10 பெட்ரோலும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன ஐப்பசி மழையில் மீன் விற்கும் பெரியவர் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டே என் கடைக்கு வந்தார். 2011-ல் வாங்கிய வண்டி. தினமும் விடியற்காலை துறைமுகத்தில் மீன் எடுத்து, பின்சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டி, ஊர் ஊராகப் போய் விற்பவர். ஐந்து நாள் அடைமழையில் தொழில் இல்லை, வண்டி வாசலிலேயே நின்றிருக்கிறது. ஆறாம் நாள் துறைமுகம் வரை முக்கி முனகி வந்த வண்டி, மீன் ஏற்றிய பிறகு கிளம்பவே இல்லை.

டேங்க்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே பெட்ரோல், கீழே தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த கலங்கல். டேங்க் மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கியதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. எத்தனால் கலக்காத காலத்திலும் இறங்கும். அடியில் தங்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீரை, டேங்க்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் குழாயைக் கழற்றி வடித்துவிட்டால் வண்டி ஓடிவிடும். இப்போது அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் கார்புரேட்டருக்கு முதலில் போவதே அதுதான். பெட்ரோல் ட்யூப் விறைத்திருந்தது, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உப்பியிருந்தது, டேங்க்குக்குள் துரு. கூலியைக் குறைத்தும் 1,650 ரூபாய் ஆனது. வேலை முடிவதற்குள் ஐஸ் கரைந்து கடை வாசலெல்லாம் ஓடியது. அங்கேயே வந்த விலைக்கு மீனைக் கொடுத்துவிட்டு, “நான் ஏதாச்சும் தப்பான பெட்ரோல் போட்டுட்டனா தம்பி?” என்று கேட்டார். தப்பாகப் போட அவருக்கு வேறு எந்தப் பெட்ரோல் இருக்கிறது?

பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த வேலைதான் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. இவர் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஒரு வருஷத்துக்குள் 20,000 வந்துவிடும். செலவு குறைவு என்பதை யாருடைய வருமானத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் ஐயா?

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. என் அப்பா கரும்பு போட்டவர். கரும்புக்காசு எப்போது வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த வீட்டில்தான் வளர்ந்தேன். பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனாலில், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு 65 சதவீதம் குறைவு, மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதம் குறைவு என்கிறீர்கள். புகை குறையட்டும். புயலிலும் வெள்ளத்திலும் அடிபடும் ஊர் எங்களுடையது, அந்த அக்கறை எங்களுக்கும் உண்டு. ஆனால் கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று மத்திய அரசுக்குத் திட்ட ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 2024-25-ல் இந்திய உணவுக் கழகத்தின் அரிசியில் 52 லட்சம் டன்னை எத்தனாலுக்கு ஒதுக்கினீர்கள். கோழித்தீவனத்துக்குப் போன மக்காச்சோளமும் இப்போது எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு இலக்கை 2025-க்கு இழுத்து வந்து எட்டியும் விட்டீர்கள். அந்த அவசரத்தில் பாதி அக்கறையாவது ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் மேல் இருந்திருக்க வேண்டாமா?

நான் கேட்பது புதுசாக ஒன்றும் இல்லை. அதே 2021 அறிக்கை, பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பாக இ-10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றது. எத்தனாலில் எரிசக்தி குறைவு, மைலேஜ் இறங்கும், அதனால் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றது. எத்தனாலின் கொள்முதல் விலையே சராசரியாக லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு ஆகிவிட்டது, அது பெட்ரோலைவிட அதிகம் என்று 2025-ல் காரணம் சொன்னீர்கள். சரி, விலையை விடுங்கள். இ-10 என்ன ஆயிற்று? அதைப் பற்றி யாருமே எங்களுக்குச் சொல்லவில்லையே.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பங்க்குக்கு ஒரு குழாயிலாவது இ-10 வரட்டும். எல்லா ஊரிலும் உடனே முடியாது என்றால், மழையும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரை மாவட்டங்களில் முதலில் தொடங்குங்கள். எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் எத்தனால் என்று கண்ணுக்குத் தெரிகிற அளவில், தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஐப்பசிக்கு முன் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
கடலூர்