மேசையின் மறுபக்கம் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

தொழில்முறை மேசைப்பந்தாட்டத்திலிருந்து நான் ஓய்வு பெறுவதை அறிவித்தது முதல் வந்து குவியும் வாழ்த்துகளுக்குத் தனித்தனியே பதில் எழுத இயலாததால், இம்மடல் வழியே அனைவருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். அந்த வாழ்த்துகளில் பெரும்பாலானவை என் பெயரை மட்டுமே சொல்கின்றன. அவற்றில் பங்கு கேட்க உரிமை இருந்தும் கேட்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

முதல் நன்றி, என்னுடன் பயிற்சிக்கு ஆடியவர்களுக்கு. அடுத்த போட்டியில் நான் சந்திக்கவிருப்பவர் லாங் பிம்பிள் ரப்பரால் (நீண்ட முனைகள் கொண்டு, வரும் பந்தின் சுழற்சியைக் குழப்பிவிடும் மட்டை உறையால்) தடுத்தாடுபவர் என்றால், தம் மட்டையிலும் அதே ரப்பரை ஒட்டிக்கொண்டு, தம் சொந்த ஆட்டத்தை ஒதுக்கிவைத்து, அவரைப் போலவே நாள் முழுக்க ஆடிக் கொடுத்தார்கள். பந்தை அடியில் வெட்டுவது போலக் கையை அசைத்துவிட்டுச் சுழற்சியே இல்லாமல் அனுப்பும் சர்வீஸ் ஒன்று உண்டு. அதை உயரத் தூக்கிக் கொடுத்துவிடாமல் தாழத் திருப்ப நான் பழகும்வரை, கூடை கூடையாகப் பந்துகளைச் சலிக்காமல் போட்டவர் ஒருவர். பின்னர் அதே சர்வீஸைத் திருப்பி நான் வென்ற புள்ளிக்கு அரங்கம் கைதட்டியபோது, அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அடுத்து, ஆட்டத்தின் விதிகள் மாறிக்கொண்டே இருந்த காலத்தில் என்னை வழிநடத்திய என் பயிற்றுநர்கள். 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. மறு ஆண்டே 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகச் சுருங்கியது. 2002இல் பந்தை உடலால் மறைத்து சர்வீஸ் போடுவது தடைசெய்யப்பட்டது. 2014இல் செல்லுலாய்டு பந்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் பந்து வந்தது. இவற்றையெல்லாம்விட என்னைத் திணறடித்தது, ரப்பருக்குத் துள்ளலைக் கூட்டிய வேகப் பசைக்கு 2008இல் வந்த தடைதான். மட்டையில் பந்து பட்டதும் எழும் அந்தக் கணீரென்ற ஓசை மறைந்தபோது பாதி பலமே போய்விட்டதாக நான் புலம்ப, என் பயிற்றுநரோ கையை விட்டுவிட்டுக் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் விசையை எடுக்கும்படி என் ஃபோர்ஹேண்டை (உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடியை) முதலிலிருந்து கட்டியெழுப்பினார். அதன் பிறகு நான் ஆடிய ஆண்டுகள் அவர் தந்தவை.

தோளையும் முழங்காலையும் காத்த இயன்முறை மருத்துவர்களுக்கும், பண்டிகை நாள்களிலும் நான் இல்லாததைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கும் நன்றி.

ரசிகர்களில் பலர் என்னை அறிந்தது பட்டங்களால் அல்ல; மேசையை விட்டு வெகுதூரம் பின்வாங்கி, தடுப்புப் பலகைகளுக்கு அருகிலிருந்து பந்தை உயர உயரத் திருப்பிய ஒரு காணொளியால். (அந்தப் புள்ளியை வென்றவர் எதிராளிதான், ஆட்டத்தையும் அவரே வென்றார்.) அதைப் படம்பிடித்துப் பகிர்ந்த முகமறியாத அன்பருக்கும், அத்தனை பந்துகளையும் தயங்காமல் ஓங்கி அடித்து எனக்குப் புகழ் தேடித் தந்த அந்த எதிராளிக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
உங்கள் ஆட்டக்காரன்