பாப்பாவுக்கு, அந்த ஒரு நிமிஷம் பத்தி

பாப்பா,

நாளைக்குப் பிள்ளையார் நோன்பு. ஆத்தா காலையிலேயே பட்டாலையில உக்காந்து புது வேட்டியிலேருந்து நூல் பிரிச்சுக்கிட்டிருக்காக. ஆளுக்கு 21 நூல். உனக்கும் சேத்துத்தான் திரிக்கிறாக, நான் ஒண்ணும் சொல்லல. போன வருஷம் நீ வராததால உன் இழையையும் அப்பச்சியே எடுத்துக்கிட்டாக. இழையைத் திரியா மாவுல வச்சுப் பத்தவச்சு எரியிறப்பவே முழுங்கணும்ல, ரெண்டு நெருப்பை முழுங்கி நாக்கு பொத்துப்போச்சுன்னு மூணு நாள் மோர் சோறுதான் சாப்பிட்டாக.

"இனிமே எங்கிட்டப் பேசாதண்ணே"ன்னு சொன்ன. பேசல. எழுதாதன்னு நீ சொல்லல. வாட்ஸப்புலயும் என்னைப் பிளாக் பண்ணி வச்சிருக்க, ஆனா இந்தப் பக்கத்தை எப்பவாவது திறந்து பாக்குறன்னு சின்னவன் சொன்னான். அதனாலதான் இங்க. தேவகோட்டையிலயும் பள்ளத்தூர்லயும் நமக்குத் தெரிஞ்சவக எல்லாரும் படிப்பாக, சிங்கப்பூர்ல இருக்கவகளும் படிப்பாக. சில இடத்துல சுத்தி வளச்சுத்தான் சொல்வேன். உனக்குப் புரியும்.

மார்ச்சுல நீ எம்எம்ஏ, அந்த அடி உதை மல்லு எல்லாம் கலந்த சண்டையில, மறுபடி இறங்குற போஸ்டர் பாத்தேன். அதே 52.2 கிலோ எடைப் பிரிவு. நல்ல படம். முடியை இழுத்துக் கட்டி, காதை மறைக்காம நிக்கிற.

உன் மூலையில, கார்னர்ல, உதவிக்கு நின்னு நான் நிறுத்தின அந்த ஃபைட்டுல, ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு ஹாரன் அடிச்சதுலேருந்து சொல்றேன். அதுக்கு முன்னால நடந்ததை நீயே வீடியோவுல நூறு தடவை பாத்திருப்ப. உன்கூட மோதினவ முழங்கால் உன் தாடையில பட்டது, அவ உம்மேல ஏறி உக்காந்து இடிச்ச முழங்கை எல்லாம். முதுகைக் குடுத்துட்டு, கழுத்துக்குக் கீழ போன கையை ரெண்டு கையாலயும் மணிக்கட்டுல புடிச்சு ஹாரன் வரைக்கும் இழுத்து வச்சிருந்தியே, அதை நான் இன்னிக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். வீடியோவுல இல்லாதது அதுக்கப்புறம் வந்த ஒரு நிமிஷம். கேமரா அவ மூலையில இருந்துச்சு.

நீயேதான் நடந்து வந்த. அதைத்தான் எல்லாரும் சொல்றாக, "தானா நடந்து வந்த பிள்ளையை நிறுத்திட்டான்"னு. ஸ்டூலைப் போட்டேன், உக்காந்த. ஐஸ் பையைப் பிடரியில வச்சேன். மூக்கால மூச்சு வாங்குன்னு சொன்னேன், வாங்கின. இடது புருவத்துல கிழிஞ்சிருந்துச்சு, அது பெரிசில்ல. ஆத்தங்குடியில கண்ணாடி மேல கலர் ஊத்துறப்ப ஒரு சொட்டு கோட்டைத் தாண்டாத கை என் கை. அன்னிக்கு அதால வாசலின் டப்பாவைத் திறக்க முடியல. பல்லால திறந்தேன். உன் முகத்துல பயமே இல்ல. கல்யாண வீட்டுக்குக் கெளம்புற மாதிரி ஒரு அவசரம் மட்டும் இருந்துச்சு.

"முதல் ரவுண்டு உனக்கு, 10-9. இது அவளுக்குப் போச்சு. மூணாவதை எடுத்தா..."ன்னு கணக்கு சொல்ல ஆரம்பிச்சேன். நீ குறுக்க ஒரு கேள்வி கேட்ட.

என்ன கேட்டன்னு முழுசா எழுதமாட்டேன். பல்லவன் ரயிலைப் பத்தி. ஜன்னல் சீட்டைப் பத்தி. அந்தச் சீட்டு யாருக்குன்னு ஒருத்தரைச் சொன்ன. நான் "என்ன பாப்பா?"ன்னேன். நீ எரிச்சலா அதையே திருப்பிக் கேட்ட, அவக வாசல்ல காத்துக்கிட்டிருக்க மாதிரி. அவக படமாகி, மாலை போட்டு, இப்ப நான் உக்காந்து எழுதுற இடத்துக்கு நேர் மேல தொங்கிக்கிட்டிருக்காக. ஆறு வருஷமாச்சு.

நான் நடுவரைப் பாத்துக் கையை ஆட்டிட்டேன்.

அவர் வந்து குனிஞ்சப்பதான் உனக்குப் புரிஞ்சுச்சு. ஸ்டூலை எட்டி உதைச்சுட்டு எந்திரிச்ச. "முடியும்னு சொன்னேன்ல! முடியும்னு சொன்னேன்ல!"ன்னு கத்தின. டிரெஸ்ஸிங் ரூம்லயும் அதையேதான் சொன்ன, அப்புறம் இன்ஸ்டாகிராம் லைவ்லயும். நீ சொல்லல பாப்பா. முடியும்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லல. நீ அப்படித்தான் சொன்னன்னு உனக்கு ஞாபகம் இருக்குன்னா, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்ப. அந்த ரூம்ல அமைப்பாளருங்க நாலு பேர் நின்னாக. டாக்டர்னு வந்தவர் டார்ச் அடிச்சுப் பாத்து, பேரைக் கேட்டு, நீ சரியாச் சொன்னதும் போயிட்டார். நான் வாயைத் திறந்தா அது ரிப்போர்ட்டுல ஏறும், உனக்கு அடுத்த ஃபைட் குடுக்க யோசிப்பாகன்னு பாத்தேன். மறுநாள் சி.டி. ஸ்கேன் சுத்தமா இருந்துச்சு. "பாத்தியா?"ன்னு அந்த ஃபிலிமை எம்மேல வீசின. மூளை அதிர்ச்சி ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது பாப்பா. ரத்தக்கசிவு இருந்தாத்தான் அது காட்டும். எனக்கு அப்ப இது தெரியாது. அன்னிக்கு ராத்திரி நானும் அந்த ஃபிலிமைப் பாத்து, தப்பா நிறுத்திட்டமோன்னுதான் நெனச்சேன். அதுக்கப்புறம் நாள் போகப் போக சொல்ல முடியாமலே போச்சு.

இப்ப இங்க எழுதுறதால மெடிக்கல்ல உங்கிட்ட நாலு கேள்வி அதிகமாக் கேப்பாக. கேக்கட்டும்.

உன்னோட லைவை எனக்கு எத்தனை பேர் அனுப்பினாகன்னு தெரியுமா? "என் சொந்தக் கார்னரே என்னை நம்பல." அதுக்குக் கீழ முன்னப்பின்ன தெரியாதவன் எல்லாம் என்னைக் கோழைன்னு எழுதியிருந்தான், நீ அதுல ஒண்ணுக்கு ஹார்ட் போட்டிருந்த. தாய்லாந்து கேம்ப்புக்கு எந்தப் பணத்துல போன? இதைச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு ஒரு வருஷம் இருந்தேன். சொல்லிட்டேன். அந்த நகையை இன்னும் மீட்கல. ஜெயிச்சா வின் மணி, தோத்தா வெறும் ஷோ மணிங்கிறது எனக்கும் தெரியும், கையை ஆட்டினப்ப பாதிப் பணம் போகுதுன்னு தெரிஞ்சுதான் ஆட்டினேன். இணையத்துல உன் பேருக்கு நேரா மூணு தோல்வி நிக்குது. ரெண்டு எதிராளிங்க குடுத்தது. மூணாவதுல 'டிகேஓ, கார்னர் ஸ்டாப்பேஜ்'னு, அதாவது மூலையில நின்னவன் நிறுத்தினதா, போட்டிருக்கான். உன்னோட எட்டு ஃபைட்டுல என் கையெழுத்து இருக்கது அந்த ஒரு வரியிலதான்.

2024 ஜூன்ல அமெரிக்காவுல லூயிவில்ல பூஜா தோமர் கையை நடுவர் தூக்கினப்ப வீட்டுல நாம ரெண்டு பேர் மட்டும்தான் முழிச்சிருந்தோம். யுஎஃப்சிங்கிற பெரிய எம்எம்ஏ அமைப்புல ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணு. தீர்ப்பு ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு வந்துச்சு. நீ என் சட்டையைப் புடிச்சு உலுக்கி, "நம்ம வெயிட்டுண்ணே! நம்ம வெயிட்டு!"ன்ன. 'உன்'னு இல்ல, 'நம்ம'. சத்தம் கேட்டு ஆத்தா வளவுக்கு ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாக.

அந்த வெயிட்டைப் பத்தித்தான் நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நிறுத்தினதுக்கு இல்ல, அது வேற. எடை போடுறதுக்கு முந்தின ராத்திரி ஓட்டல் குளியலறையில நடந்ததுக்கு. கோச் வரமுடியாதுன்னு ஆனதும் எல்லாம் நாந்தான். ஒரு வாரமா தண்ணியை மொதல்ல ஏத்தி, அப்புறம் குறைச்சு, உப்பை நிறுத்தி, கடைசியா கொதிக்கக் கொதிக்கத் தொட்டியில உப்பைக் கொட்டி உன்னை உள்ள தள்ளினேன். நீ "போதும்ணே"ன்ன. நான் "இன்னும் 600 கிராம்"னேன். ரெண்டாவது தடவை "போதும்"னப்ப உன் தோளை அமுக்கிப் புடிச்சேன். நீ மறந்திருக்கலாம், என் கை மறக்கல. 2015 டிசம்பர்ல மணிலாவுல யாங் ஜியான் பிங்குனு ஒரு சீனப் பையன், 21 வயசு, இப்படித்தான் எடை குறைக்கப் போய்ச் செத்தான். அதுக்கப்புறம்தான் அவன் சண்டை போட இருந்த 'ஒன் சாம்பியன்ஷிப்'ங்கிற அமைப்புல உடம்புத் தண்ணியை வத்தவச்சு எடை குறைக்கிறதைத் தடை பண்ணி, சிறுநீரைச் சோதிக்க ஆரம்பிச்சாக. இந்தக் கதையை உனக்குச் சொன்னதே நாந்தான். சொல்லிட்டு அதையே செஞ்சேன். தண்ணி வத்தின தலை அடியை அவ்வளவாத் தாங்காதுன்னு டாக்டருங்க சந்தேகப்படுறாக. ஒரே நாள்ல எவ்வளவு ஓஆர்எஸ் குடிச்சாலும் எல்லாம் திரும்பி வந்துடாதாம். முழங்கால் அவளோடது. ஆனா அவ முன்னால அந்தத் தலையைக் கொண்டுபோய் நிறுத்தினது நான்.

மன்னிச்சுக்க பாப்பா.

இன்னொண்ணு, இதை எழுதத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். பெண் பாக்க வர்றதா இருந்தாகளே, அதுக்காகத்தான் நான் நிறுத்தினேன்னு ஊர்ல ஒரு பேச்சு. முகம் இன்னும் கெட்டுப்போறதுக்குள்ள வெளிய கொண்டாந்துட்டான்னு. நீயும் அப்படித்தான் நெனைக்கிறன்னு சின்னவன் சொன்னான். இல்லன்னு அடிச்சுச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பிச்சேன். ஆனா அந்த ஒரு நிமிஷத்துல, அந்தப் புருவத்தைத் தொடைக்கிறப்ப, அவுக வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஞாபகம் வரலன்னு பிள்ளையாரைத் தொட்டுச் சொல்லமுடியாது. வந்துச்சு. நீ அந்தக் கேள்வியைக் கேட்கலன்னா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல.

அவுக வரல. வீடியோ பாத்துட்டு ஜாதகம் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாக. ஆத்தா உனக்குன்னு நீ பொறந்ததுலேருந்து வாங்கி அடுக்கின சாமான் அறையை அதுக்கப்புறம் திறக்கவே இல்ல. வைரத்தோட்டை மட்டும் ஒரு நாள் வெளிய எடுத்துப் பாத்தாக. "அந்தக் காதுல இது நிக்குமாப்பா?"ன்னு எங்கிட்டக் கேட்டாக. பாயில தேஞ்சு தேஞ்சு ரத்தம் கட்டி இறுகினது மேல் மடல்தானே ஆத்தா, தோடு போடுற இடம் நல்லாத்தான் இருக்குன்னேன். போஸ்டர் வந்தப்ப போனை வாங்கி, விரலால பெரிசாக்கி, அந்த இடத்தை மட்டும் பாத்தாக. சென்னையில இருக்கவரைப் பத்தி நான் வீட்டுல எதுவும் சொல்லல. இங்கயும் சொல்லல. நல்லவர்தான், கொஞ்சம் அதிகமாப் பேசுறார்.

யுஎஃப்சி சாம்பியன் கபீப் 29 ஃபைட்ல ஒண்ணுகூடத் தோக்காம, அப்பா போனப்புறம் அம்மாவுக்குக் குடுத்த வாக்குக்காக 2020ல நிறுத்தினதை ஆத்தாகிட்டச் சொன்னதும் நாந்தான். அது தப்பு. இப்ப உங்கிட்ட வாக்கு வாங்கித் தரச் சொல்றாக. நான் வாங்கமாட்டேன்னுட்டேன். நீ குடுக்கவும் மாட்ட. சண்டை போடாதன்னு சொல்ல நான் இதை எழுதல. போடு. ஜனவரியிலயே எடையை இறக்க ஆரம்பி, தொட்டியை நம்பாத.

எங்கிட்ட நீ பேச வேண்டாம், பிளாக்கையும் எடுக்க வேண்டாம். மார்ச்சுல உன் மூலையில நிக்கப்போறவர் நம்பரை மட்டும் சின்னவன்கிட்டக் குடு. ரவுண்டுக்கு நடுவுல நீ யாரைப் பத்திக் கேட்டா நிறுத்தணும்னு அவருக்குச் சொல்லணும். அவருக்கு அப்பத்தாவைத் தெரியாதுல்ல.

அண்ணன்
காரைக்குடி