முதன்முதலாகக் கண்ட்ரோலரைப் பிடித்த கைகளுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ரப்பர் பால்மரக் காட்டைக் களமாக வைத்து நாங்கள் நால்வர் வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதுகளில் வீட்டிலேயே உருவாக்கி வந்த 'எட்டாம் நிரை' என்னும் வீடியோ கேமின் முதல் கட்டம் முழுமை பெற்று, யார் வேண்டுமானாலும் கணினியில் இறக்கி விளையாடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. உதவியவர்களுக்கெல்லாம் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். ஆயினும், தாங்கள் செய்த உதவி எத்தகையது என்பது அவர்களில் சிலருக்கே சரிவரத் தெரியாது. அதை ஊரறிய எழுதி வைப்பது எங்கள் கடமை என்று கருதியே குழுவின் சார்பில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பொழுது விடியும் முன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழையும் ஒரு பெண், பாறைகளிலும் தாழ்ந்த கிளைகளிலும் தாவி ஏறி, வாய்க்கால்களைத் தாண்டி, தன் நிரையில் (மர வரிசையில்) உள்ள மங்குகளில், அதாவது பால் வடியும் கிண்ணங்களில், ஊறிய பாலை மழை பிடித்துக்கொள்வதற்குள் வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பரவலாக்கிய தாவிக் குதிக்கும் விளையாட்டு வகையைச் சேர்ந்தது இது. அந்த வகை விளையாட்டுகளைச் சிறு வயது முதலே ஆடி வளர்ந்த எங்களுக்கு இதில் எதுவும் கடினமாகத் தோன்றவில்லை. எங்கள் வயது நண்பர்களும் ஆடிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய அன்புக்கு நன்றி. ஆனால் அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இளம் வயதிலேயே உளி பிடித்து, தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை மரம் சீவியவர். பேரப்பிள்ளைகளோடு கைப்பேசியில் பேசுவதைத் தவிர வேறு எந்தத் திரையோடும் அவருக்குப் பழக்கமில்லை. "எனக்கு என்ன தம்பி தெரியும், சின்னப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்லுங்க" என்று முதலில் தயங்கினார். தெரியாதவர்தான் எங்களுக்கு வேண்டும் என்று எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நாங்கள் வைத்திருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து அமர்ந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் அமர்ந்தோம். எந்தப் பொத்தான் எதற்கென்று சொல்லக் கூடாது, எந்தப் பக்கம் போவதென்று சொல்லக் கூடாது, கேட்டாலும் "உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். விளையாட்டு பிறர் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் யாருடைய பக்கத்திலும் அமர்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

பெரியம்மா முதலில் போனது இடப்பக்கம். அங்கே ஒரு வேலியைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலியோடு சற்று நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தாமே திரும்பி வலப்பக்கம் நடந்தார். வாய்க்கால் வந்தது. அடுத்து நடந்ததைக் கைகளுக்கு நேரே பொருத்தி வைத்திருந்த கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறோம். இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பதுண்டு. உளியின் காம்பு பட்டுப் பட்டுத் தடித்துப்போன இடது கட்டைவிரல், நடக்கும் பொத்தானிலிருந்து மெல்ல எழுகிறது. பிறகு அவர் திரையை விட்டுவிட்டுக் குனிந்து, தாவும் பொத்தான் எங்கே என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, வலது கட்டைவிரலால் அழுத்துகிறார். அழுத்தும்போதே கண்ட்ரோலரையும் இரண்டு கைகளாலும் மேலே தூக்குகிறார். திரையில் உள்ள பெண்ணோ நின்ற இடத்திலேயே நேராக எகிறி, நின்ற இடத்திலேயே இறங்குகிறாள். மறுபடியும் நடக்க வைத்தால் வாய்க்காலுக்குள் போய் விழுகிறாள்.

நடந்துகொண்டே தாவ வேண்டுமானால் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஆடிப் பழகியவர்களுக்கு அப்படி ஒரு செயல் இருப்பதே நினைவில் இருக்காது. புதியவருக்கு அதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தை நடத்தாமலே எங்கள் விளையாட்டு முதல் வாய்க்காலிலேயே தேர்வு வைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா விழுந்து விழுந்து எழுந்ததன் பயனாக, இப்போது தொடக்கத்தில் வாய்க்காலே கிடையாது. முதலில் முழங்கால் உயரத்தில் ஒரு பாறை; அதற்கடுத்து, ஓடி வந்து தாவினால்தான் எட்டும் இடத்தில் ஒரு மங்கு. தவறினாலும் தரையில்தான் இறங்குவார்கள், இழப்பு ஒன்றுமில்லை. அங்கே விரல்கள் இரண்டும் சேர்ந்து பழகிய பிறகே வாய்க்கால் வரும்.

இன்னொன்றையும் அவருடைய கைகளே காட்டிக் கொடுத்தன. விரல்கள் பழகிய பிறகும், விளிம்பைக் கடந்து கால் காற்றில் பதிந்த பின்னரே அவர் தாவும் பொத்தானை அழுத்தினார். கண் திரைக்கும் கைக்குமாகப் போய் வருவதற்குள் கணம் தப்பிவிடுகிறது. விளிம்பை விட்டு நீங்கிய பின்னும் மிகச் சிறிது நேரத்துக்குத் தாவ அனுமதிக்கும் சலுகையை இத்துறையில் 'கொயோட்டி டைம்' என்பார்கள். 2018-இல் வந்த செலஸ்ட் போன்ற கடினமான விளையாட்டுகளிலேயே அது உண்டு. எங்கள் விளையாட்டில் ஒரு வினாடிக்கு 60 சட்டங்கள், அதாவது அடுத்தடுத்த படங்கள், ஓடுகின்றன. அவற்றில் 8 சட்டங்களை, அதாவது ஏறத்தாழ வினாடியின் எட்டில் ஒரு பங்கை, இப்போது அந்தச் சலுகைக்காக ஒதுக்கியிருக்கிறோம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்து, கால் பட்டவுடன் தாவ வைக்கிறோம். ஆடுபவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. தம் கை நன்றாக ஓடுகிறது என்று மட்டுமே தோன்றும். அப்படித் தோன்றுவதைத்தான் நாங்களும் விரும்பினோம்.

பிறகு காட்டுப்பன்றி வந்தது. ஓடி வரும் பன்றியின் தலைக்கு மேலே தாவிப் போக வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பெரியம்மா பன்றியைக் கண்டதும் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கட்டிக்கொண்டார். பன்றி முட்டியது. மறுபடி தொடங்கினார், மறுபடியும் அசையாமல் நின்றார். பயந்துவிட்டாரோ என்று நினைத்தோம். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டபோது, "பன்னி வந்தா அசையாம நிக்கணும் தம்பி, அது பாட்டுக்கு அது போயிரும், ஓடுனாத்தான் வம்பு" என்றார். இருட்டில் தனியாக நிரைக்குள் நின்று வேலை செய்த ஒருவர் தம் அறிவை நம்பி ஆடியிருக்கிறார். அந்த அறிவுக்கு எங்கள் விளையாட்டில் இடமில்லாமல் இருந்தது. இப்போது இடமிருக்கிறது. அசையாமல் நின்றால் பன்றி மோப்பம் பிடித்துவிட்டுப் புதருக்குள் திரும்பிவிடும், ஓடினால் துரத்தும். தாவிப் போகிறவர்கள் இப்போதும் தாவிப் போகலாம். விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மரத்தின் வெட்டையும் அவர்தான் திருத்தினார். படத்தில் வெட்டு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. ஆட்டத்தின் நடுவே விரலைத் திரையின் மேலேயே வைத்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கோடிழுத்துக் காட்டினார். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. வெட்டு அவர் காட்டிய வாட்டத்தில் இறங்கினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். எங்கள் ஓவியர் அன்றிரவே எல்லா மரங்களையும் மாற்றி வரைந்தார்.

பெரியம்மாவுக்கு நாங்கள் சொல்ல வேண்டிய நன்றி இந்தத் திருத்தங்களுக்காக மட்டுமன்று. கை சுத்தமான வேலைக்காரி என்று தோட்டமே சொன்ன ஒருவர், தமக்கு அறவே பழக்கமில்லாத ஒரு பொருளைக் கையில் வாங்கி, பேரன் வயதுப் பிள்ளைகள் சுற்றி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தடுமாறுவதை மறைக்காமல் தடுமாறினார். நாங்கள் வாய் திறக்காமல் இருந்தது அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்தவரைப் போல் காட்டிக்கொள்ளவோ, 'நல்லா இருக்குப்பா' என்று சொல்லி எழுந்துவிடவோ அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அதைச் செய்யாமல் கொட்டகை வரை போய்ச் சேர்ந்த பிறகே எழுந்தார். பெரியம்மா, தெரியாததைத் தெரியாது என்று எங்கள் முன் காட்டிய அந்தப் பெரிய மனத்துக்கு எங்கள் தலை தாழ்ந்த வணக்கம்.

அன்று குறிப்பெடுத்த படிவம் 3 மாணவியையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். கட்டத்தின் முழு வரைபடத்தையும் நீளமான தாளில் ஒட்டி வைத்துக்கொண்டு, பெரியம்மா விழுந்த இடங்களில் சிவப்பு மையாலும், நின்று யோசித்த இடங்களில் நீல மையாலும் புள்ளி வைத்தவர் அவர். எங்கள் விவாதங்களில் யார் சொல்வது சரி என்ற சச்சரவு எழும்போதெல்லாம் அந்தத் தாளே தீர்த்து வைத்தது. குழுவில் ஒருவர் பொறுக்க முடியாமல் வாயைத் திறக்கப்போனபோது அவரைக் கண்ணாலேயே அடக்கியவரும் இந்த மாணவிதான்.

கடையின் பின்கட்டையும் தொலைக்காட்சியையும் வாடகை வாங்காமல் கொடுத்த கடைக்கார அண்ணனுக்கும், திரையில் வரும் தமிழை ஒற்றுப்பிழை இல்லாமல் பார்த்துக் கொடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும், உறுமி வாசித்துக் கொடுத்த மேளக் குழுத் தம்பிகளுக்கும், பழைய பால்வாளியைத் தட்டி ஒலிப்பதிவு செய்யக் கொடுத்த அத்தைக்கும் நன்றி. பின்னணியில் தெரியும் முதிய மரத்தை, 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டு இன்றும் நிற்கும் ரப்பர் மரத்தை நேரில் பார்த்து வரைந்துவர எங்கள் ஓவியரைக் காரில் அழைத்துச் சென்ற மாமாவுக்கும் நன்றி. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய நண்பர் ஒருவரும் ஆடிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வழிகாட்டும் குறிப்புகளை எழுத்தில் எழுதாமல் படமாகவே வரைந்தால் போதும் என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

முகம் அறியாதவர்களும் இருக்கிறார்கள். வீடியோ கேம் உருவாக்க நாங்கள் பயன்படுத்தும் கோடோ என்னும் மென்பொருள் அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கியது. 2014 முதல் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருளாக இருந்துவருகிறது. அதன் பழைய பதிப்பில் தமிழை இட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் தமிழ் தமிழாகத் தெரிந்தது. உலகின் எந்த மூலையிலோ இருந்துகொண்டு, கூலி வாங்காமல் எங்கள் எழுத்தையும் நினைத்து உழைத்தவர்களுக்கு இந்தச் சிறிய ஊரிலிருந்து எங்கள் நன்றி.

இரண்டாம் கட்டம் பால் ஆலைக்குள் நடக்கிறது. அதை ஆடிப் பார்க்க, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே கடையின் பின்கட்டில் கூடுகிறோம். இதுவரை வீடியோ கேமைத் தொட்டே பார்க்காதவர்கள், குறிப்பாகத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்த பெரியவர்கள், வந்து உதவும்படி வேண்டுகிறோம். கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் கொண்டு வரவும். நடக்க முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் வண்டியோடு வந்து அழைத்துச் செல்வோம். பெரியம்மா இம்முறை பார்வையாளராக வருகிறார். ஆடுபவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற விதி தமக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு என்று பணிவோடு தெரிவித்திருக்கிறோம்.

நன்றியுடன்,
'எட்டாம் நிரை' குழுவினர்,
சுங்கை சிப்புட், பேரா.