கொல்லைச் சுவரில் மாடு வரைந்த மருமகளுக்கு

என் தங்கமே,

பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுநாளே கொல்லைச் சுவரில் செங்கல் துண்டால் மாடு வரைந்தாய் என்று, எல்லாரும் பார்க்கத் திட்டினேன். அதனால் இதையும் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். தப்பு என் மேல்தான், பாப்பா.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் சாவகாசமாகப் பார்த்தேன். கிணற்றடிப் பக்கம் ஓதம் ஏறிக் காரை உப்பி நிற்கிறதே, சரியாக அந்த இடத்தில் மாட்டின் வயிற்றை வைத்திருக்கிறாய். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது சினைமாடு நிற்கிற மாதிரியே இருக்கிறது. கொத்திப் பூச வேண்டும் என்று ஒரு வருஷமாக நான் முனகிக்கொண்டிருந்த இடம் அது.

இதையேதான் ஸ்பெயினில் அல்டாமிரா குகையில் செய்திருக்கிறார்கள், 14,000 வருஷத்துக்கும் முன்னால். கூரைப் பாறை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே காட்டெருமையின் உடம்பு வருகிற மாதிரி, காவிக்கல்லாலும் கரியாலும் வரைந்திருக்கிறார்கள். விளக்குச் சுடர் அசையும்போது அந்த வயிறுகள் மூச்சு விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதைக் கண்டுபிடித்தவள் மரியா என்ற சிறுமி. 1879-ல் அவளுக்கு உன் வயதுதான் இருக்கும். அவள் அப்பா சாவுத்துவோலா பழைய கல் கருவிகளுக்காகத் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூரை தாழ்வு, பெரியவர்கள் குனிந்துதான் நிற்கணும். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, மாடு!" என்றாளாம்.

அடுத்த வருஷமே அவர் அதை அச்சிட்டார். அறிஞர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. கற்கால மனிதனுக்கு இவ்வளவு கை வருமா, இது யாரோ இந்தக் காலத்து ஓவியன் வேலை என்றார்கள். அந்தப் பழியோடேயே 1888-ல் இறந்துபோனார். அவரை மறுத்தவர்களில் ஒருவரான பிரெஞ்சு அறிஞர் கார்த்தையாக் 1902-ல்தான் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த மனுஷர் உயிரோடு இருக்கும்போதே எழுதியிருக்கக் கூடாதா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

இதைவிடப் பழையது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இருக்கிறது. பாறையில் கையை வைத்து, சுற்றிலும் காவியைத் தெளித்துவிட்டு எடுத்தால் கையின் அச்சு மட்டும் வெறுமையாக நிற்கும். அதில் ஒரு கைக்கு வயது குறைந்தது 39,900 வருஷம். வெந்நீர்த் தவலையில் உப்புப் படிகிற மாதிரி, பாறையில் கசிந்த நீர் அதன் மேல் சுண்ணாம்பாகப் படிந்திருக்கிறது. அந்தப் படிவில் உள்ள யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோரியமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து படிவின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். கை அதற்கும் முந்தையது.

நம் மன்னார்குடிப் பக்கம் குகைக்கு எங்கே போவது? எவ்வளவு தோண்டினாலும் காவிரி கொண்டுவந்து போட்ட களியும் மணலும்தான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் இங்கே யாராவது ஈர மண்ணில் விரலால் மாடு வரைந்திருந்தாலும் அடுத்த வெள்ளம் கொண்டுபோயிருக்கும். எனக்கு அது பெரிய ஏக்கம். சரி, விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை இருக்கிறது. அங்கே பாறையில் சிவப்பு உருவங்கள் வரைந்திருக்கிறார்கள். கோடை லீவுக்கு நீ வந்ததும் பஸ் ஏறிவிடுவோம்.

சுவரைக் கொத்த வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். உன் செங்கல் துண்டு கிணற்று மேடையிலேயே இருக்கிறது. ஒன்றுதான் புரியவில்லை. பின்னங்காலுக்குப் பக்கத்தில் குட்டையாக ஒரு கோடு இழுத்திருக்கிறாயே, அது கன்றா, கயிறா? அப்பா போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லு.

உன் அத்தை